‘பேக்கப் இருக்கு சார்’

தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்திலும் கம்ப்யூட்டர் பற்றிப் பேச்செடுத்தால் அஞ்சு நிமிஷத்துக்குள் ஒரு வாக்கியம் வந்து விழும்: “பேக்கப் இருக்கு சார்.” கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். அச்சகத்தில், ஆஸ்பத்திரியில், பதிப்பக குடோனில் கேட்டிருக்கிறேன். சொல்பவர் பொய் சொல்வதில்லை. மேஜை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் காட்டுவார். அதன் மேல் தேதி எழுதிய சீட்டுகூட ஒட்டியிருக்கும். என் கேள்வி வேறு. அதிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தடவையாவது எழுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? இதற்குப் பதில் வராது.

இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்கு எதிரானது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. பழைய சர்வர் சாகும்போது உள்ளே இருந்த பட்டியலை மட்டும் எக்செல்லுக்கு மாற்றிவிட்டு மெஷினைக் காயலான் கடைக்குப் போடுவது, கணக்கில் பாதியை அழிப்பதற்குச் சமம். அந்த சர்வரை அதன் ஆபரேட்டிங் சிஸ்டம், புரோகிராம், ஃபாண்ட், பூட்டு எல்லாவற்றோடும் ஒரு விர்ச்சுவல் மெஷினாக மாற்றி, ஓடுகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். “இது ஐ.டி.காரன் ஆசை, எங்களுக்கு எதுக்கு?” என்று கேட்பவர்களுக்காகத்தான் போடிநாயக்கனூரை உதாரணத்துக்கு எடுக்கிறேன். எனக்கு அது சொந்த ஊர் என்பதும் ஒரு காரணம்.

*

போடியில் விடியற்காலை ஜீப் சத்தத்தில்தான் விடியும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய் பறிப்பது, களை எடுப்பது, சரகு ஒதுக்குவது எல்லாம் முடித்துச் சாயங்காலம் கீழே வருவார்கள். தோட்டம் கேரளத்தில். வீடு தமிழ்நாட்டில். பல தோட்டங்களுக்குக் கணக்கு எழுதுகிற ஆபீஸ் போடி டவுனுக்குள்.

இப்படி மலைக்குப் போய்வந்த ஒரு பெண் எத்தனை வருஷம் போனார் என்பதற்கு யார் சாட்சி? அன்றைக்கு ஜீப் ஓட்டியவர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார். கங்காணி செத்திருப்பார். கூட வேலை பார்த்தவர்கள் திருப்பூருக்கோ பேரன் வீட்டுக்கோ போயிருப்பார்கள். இரண்டு மாநிலத்துக்கு நடுவில், அவர் உழைத்ததை வரிசையாக, நாள்வாரியாகத் தெரிந்து வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆபீஸ் மூலையில் தூசி படிந்து நிற்கிற சர்வர்.

1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம் போட்ட கணக்கு எளிமையானது. தொடர்ந்து அஞ்சு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். ‘தொடர்ந்து’ என்பதற்குப் பொதுவான அளவுகோல் வருஷத்துக்கு 240 நாள். அந்தத் தகுதி இருந்தால், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. அதாவது 19 வருஷம் போனவருக்கு 285 நாள் கூலி. 3 வருஷம்தான் போனார் என்று காகிதம் சொன்னால் பூஜ்யம். 285-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு வருகைப் பதிவேடு. பதிவேடு கம்ப்யூட்டருக்குள் போன பிறகு, அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திரிக்குமா எழுந்திரிக்காதா என்பதே ஒருத்தியின் கூலி விஷயமாகிவிடுகிறது.

நான் பார்த்த ஒரு ஆபீஸைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 2004-இல் வாங்கிய டவர் சர்வர். விண்டோஸ் சர்வர் 2003, 36 ஜிபி டிஸ்க் இரண்டு, ஒன்றின் நகலாக இன்னொன்று. அதற்குள் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய ஒரு கணக்கு புரோகிராம். வருகை, கூலி, போனஸ், முன்பணம், காய் வரவு, ஸ்டோரில் உலர்த்திய எடை எல்லாம் அதில்தான். எழுதிக் கொடுத்தவர் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார். மைக்ரோசாப்ட் 2007-லேயே ஃபாக்ஸ்புரோவுக்கு இனிப் புது வெர்ஷன் கிடையாது என்று சொல்லிவிட்டது, 2015-இல் ஆதரவையும் நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்த மெஷின் 19 வருஷம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் மதர்போர்டு போனது.

ஆபீஸில் ஏற்கனவே புது சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். விற்ற கம்பெனிக்காரர் பழைய சர்வரிலிருந்து ‘டேட்டா’வை எக்செல்லில் எடுத்து ஏற்றிவிட்டார். வேலை முடிந்தது, பில் போட்டாயிற்று. அந்த எக்செல்லில் ஒரு பெண்ணுக்கு மொத்தச் சர்வீஸ் 3 வருஷம். அவர் கேட்டது 19 வருஷத்துக்கு. ஆபீஸ் பதில்: “ரெக்கார்டு இல்லம்மா.” கணக்கு பார்க்கும் அண்ணாச்சிக்கு அது உறுத்தியது. அவர்தான் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, பேக்கப் இருக்குல்ல, அதுல பாத்துச் சொல்ல முடியாதா?”

*

டிராயரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் தினமும் ராத்திரி காப்பியான டேட்டா ஃபோல்டர். இன்னொன்றில், 2013-இல் யாரோ ஒரு சர்வீஸ் இன்ஜினியர் போகிறபோக்கில் எடுத்துவைத்த முழு டிஸ்க் இமேஜ். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் நாம் எல்லோரும் ‘பேக்கப்’ என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு பிழைக்கிறோம்.

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஏலச்செடியை விதை போட்டும் வளர்க்கலாம், தூரைப் பிரித்தும் நடலாம். விதையில் வருகிற செடி தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. தூரில் தாய் அப்படியே வரும். இடுக்கியில் ஒரு விவசாயி தன் தோட்டத்திலிருந்து பொறுக்கி எடுத்த ஞள்ளானி ரகம், தூர் தூராகப் பிரித்துத்தான் இந்த மலை முழுக்கப் பரவியது. ஃபைல் காப்பி என்பது விதை. டிஸ்க் இமேஜ் என்பது தூர். முதலாவதில் டேட்டா இருக்கும். இரண்டாவதில் டேட்டாவைப் படிக்கத் தெரிந்த மெஷினும் இருக்கும்.

தூரை அப்படியே பிடுங்கிப் புது மண்ணில் வைத்தால் உடனே பிடித்துக்கொள்ளாது. இமேஜும் அப்படித்தான். முதலில் செய்ய வேண்டியது, மூலத்தைத் தொடாமல் அதற்கு ஒரு நகல் எடுத்து, இரண்டுக்கும் ஹாஷ் எண் கணக்கிட்டு எழுதிவைப்பது. ஒரு பைட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவில், மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுப்பதற்கான சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் எண்ணுக்கு இடம் இருக்கிறது. அடுத்து, விர்ச்சுவல் மெஷின் ஒன்றை உருவாக்கி, அதற்கு வெற்று டிஸ்க் கொடுத்து, இமேஜ் எடுத்த மென்பொருளின் மீட்பு சிடியை அதற்குள்ளேயே போட்டு பூட் செய்து, இமேஜை இறக்க வேண்டும். அப்புறம் ரீஸ்டார்ட். பெரும்பாலும் நீலத்திரை வரும். 7பி என்று முடிகிற ஒரு பிழை எண் இருக்கும். “டிஸ்க்கே காணோம்” என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பல பேர் இந்த இடத்தில் “பேக்கப் கரப்ட் ஆயிருச்சு சார்” என்று கையை விரித்துவிடுவார்கள். அது கரப்ட் ஆகவில்லை. மீட்டர் கேஜ் பெட்டியைக் கொண்டுவந்து பிராட் கேஜ் தண்டவாளத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பெட்டி நல்ல பெட்டி. சக்கரம்தான் வேறு. பழைய சர்வரில் டிஸ்க்குகள் ஒரு ரெய்டு கார்டு வழியாக இணைந்திருந்தன. விண்டோஸ் எழுந்ததும் அந்தக் கார்டைத் தேடுகிறது. விர்ச்சுவல் மெஷினில் அது கிடையாது. இன்னொரு சிஸ்டத்திலிருந்து அந்த டிஸ்க்கைத் திறந்து, ரெஜிஸ்ட்ரியில் சாதாரண ஐடிஇ டிரைவரை பூட்டிலேயே எழும்படி மாற்றிவிட்டால் எழுந்துவிடும். எழுந்தது.

அடுத்த தடை, பிரிண்டர் போர்ட்டில் செருகுகிற ஹார்டுவேர் லாக். அது இல்லாமல் கணக்கு புரோகிராம் திறக்காது. லாக் அண்ணாச்சியிடம் பத்திரமாக இருந்தது. அதைச் செருகுவதற்கான போர்ட்தான் இன்றைய கம்ப்யூட்டர்களில் இல்லை. யுஎஸ்பி மாற்றி கேபிள்கள் பிரிண்டருக்குச் சரி, இந்த மாதிரி லாக்குகளுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்டர் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் கிடைத்தது. அதில் லினக்ஸ் போட்டு, கியூஎமு வழியாக அந்த போர்ட்டை நேராக விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்தோம். புரோகிராம் திறந்தது. பேர்கள் எல்லாம் சரியான தமிழில் வந்தன. ஏனென்றால் யூனிகோடுக்கு முந்திய அந்த ஃபாண்டும் இமேஜுக்குள்ளேயே இருந்தது. எக்செல்லில் அதே பேர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்து, யாரோ ஒருவர் உத்தேசமாகத் திரும்ப டைப் அடித்திருந்தார்கள். பிறகு, தினக் காப்பியில் இருந்த கடைசி நாள் டேட்டாவை இதற்குள் கொண்டுவந்து வைத்ததும், செத்த சர்வர் செத்த நாளின் கணக்கோடு திரும்ப உட்கார்ந்தது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த ஆபீஸில் தொழிலாளிகளுக்கு அஞ்சு வருஷம் நிறைவதற்குள் நம்பர் மாற்றிவிடுவார்கள். பழைய நம்பர் முடிந்தது, புது நம்பரில் ‘புதிதாகச் சேர்ந்தார்’. எதற்காக என்று நான் விளக்க வேண்டியதில்லை. எக்செல்லில் ஏறியது கடைசி நம்பர் மட்டும். அதனால்தான் 3 வருஷம். ஆனால் பழைய புரோகிராமில் முன்பணத்துக்கு என்று ஒரு திரை உண்டு. நம்பர் மாறினாலும் கொடுத்த முன்பணம் விட்டுப்போகக் கூடாதே! அதற்காக அந்தத் திரையில் ‘பழைய நம்பர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தைப் பிடித்துப் பின்னாலேயே போனால் அஞ்சு நம்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2004 முதல் ஒரே பெண். ஒவ்வொரு வருஷத்துக்கும் தனி ஃபோல்டரில் வருகைப் பதிவு, நாள்வாரியாக. அவருடைய உழைப்பை அஞ்சு துண்டாக வெட்டிய அதே கணக்கு, அவருடைய கடனை மட்டும் அறுபடாமல் கோத்து வைத்திருந்தது.

எக்செல் எடுத்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. அவர் ‘தொழிலாளர்’ என்ற டேபிளைத் தேடினார், எடுத்தார். இந்தத் தொடர்பு வேறொரு டேபிளில், வேறொரு திரைக்காக இருந்தது. புரோகிராம் ஓடினால் மட்டுமே அந்த டேபிளுக்கும் இந்த டேபிளுக்கும் என்ன உறவு என்பது தெரியும். டேட்டாவின் அர்த்தம் பாதி புரோகிராமுக்குள் இருக்கிறது. அந்த மெஷினை எழுப்பியதால் பணம் கைக்கு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அது வேறு சண்டை. “ரெக்கார்டு இல்லம்மா” என்ற வாக்கியத்தை மட்டும் அந்த ஆபீஸில் இனி யாரும் சொல்ல முடியாது.

*

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற வாதங்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற நாஸ்டால்ஜியா’ என்பார்கள். போடிக்காரனிடம் இந்தக் கதை வேண்டாம். ஏலக்காயைக் கூவி ஏலம் போட்ட காலம் போய், 2007-இல் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் வந்தது. வியாபாரிகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பட்டன் தட்டக் கற்றுக்கொண்டார்கள். கூவலைத் திரும்பக் கொண்டுவா என்று யாரும் ஊர்வலம் போகவில்லை. நானும் புது சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுசு நாளைய கணக்குக்கு. பழைய மெஷின், நேற்றைய கணக்கைக் கேள்வி கேட்பதற்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, புதுசு வந்துவிட்டால் பழசைப் போட்டுவிடலாம் என்று நம்ப வைப்பதில் லாபம் பார்ப்பவர்கள் புதுசை விற்பவர்கள் மட்டும்தான்.

‘பழைய விண்டோஸ் ஆபத்து, வைரஸ் வரும்’ என்பது இரண்டாவது. உண்மைதான். சர்வர் 2003-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2015 ஜூலையில் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வானாகிரை உலகம் முழுக்க எத்தனை ஆஸ்பத்திரிகளைப் படுக்க வைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது விர்ச்சுவல் மெஷினுக்கு ஆதரவான வாதம். மூலையில் நிற்கிற நிஜ சர்வர் ஆபீஸ் நெட்வொர்க்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் கார்டை ஒரு டிக்கில் பிடுங்கிவிடலாம். பார்த்து முடித்ததும் ஆரம்ப நிலைக்கே திருப்பிவிடலாம். ஒரு எழுத்துகூட மாறாது.

‘செலவு.’ கியூஎமு இலவசம். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். மைக்ரோசாப்ட் தளத்திலேயே கிடைக்கிற டிஸ்க்2விஹெச்டி இலவசம், ஓடிக்கொண்டிருக்கிற மெஷினையே இமேஜாக எடுத்துத் தரும். அந்த ஆபீஸின் 19 வருஷச் சரித்திரம் மொத்தம் 36 ஜிபிக்குள் அடங்கியது. உங்கள் போனில் இருக்கிற கல்யாண வீடியோ அதைவிடப் பெரிதாக இருக்கும்.

‘லைசென்ஸ் பிரச்சினை.’ இது மட்டும்தான் மதித்துப் பதில் சொல்ல வேண்டிய வாதம். மெஷினோடு வந்த விண்டோஸின் உரிமம் அந்த மெஷினோடு கட்டப்பட்டது என்றுதான் ஒப்பந்தம் சொல்லும். நம் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக பேக்கப் பிரதி எடுக்கலாம் என்கிறது. அது எழுதப்பட்டபோது யாரும் செத்த மெஷினை எழுப்புவதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2018-இல் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மென்பொருளைப் பாதுகாப்பதற்காகப் பூட்டுகளை உடைத்துக்கொள்ள விலக்கு கொடுத்தார்கள். இங்கே அப்படி ஒன்றை யாராவது கேட்டார்களா? தமிழ் எழுத்தாளர் சங்கங்களோ, நூலகர்களோ, தொழிற்சங்கங்களோ? யாரும் கேட்காத உரிமையை எவரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள்.

‘மெஷின் சொன்னா சரியா இருக்கணும்னு என்ன?’ என்பது கடைசி. நியாயமான கேள்வி. பிரிட்டனில் ஹொரைசன் என்ற தபால் அலுவலகக் கணக்கு மென்பொருள் காட்டிய பொய்யான பற்றாக்குறையை வைத்து, 900-க்கும் மேற்பட்ட கிளைத் தபால் அதிகாரிகளைக் குற்றவாளிகளாக்கினார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லும். அதனால்தான் அதை ஓடுகிற நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறேன். ஓடுகிற மெஷினைக் குறுக்கு விசாரணை செய்யலாம். இந்த எண் எங்கிருந்து வந்தது, எந்தத் திரையில் யார் மாற்றினார்கள் என்று கேட்கலாம். அச்சடித்த எக்செல் தாளிடம் எதைக் கேட்பீர்கள்?

*

இலக்கியப் பத்திரிகையில் எதற்கு இந்தத் தோட்டக் கணக்கு என்று சில பேர் இதற்குள் மூடியிருப்பீர்கள். நமக்கும் இதே வியாதி இருக்கிறது. தொண்ணூறுகளிலும் அதற்கு அப்புறமும் வந்த தமிழ்ச் சிற்றிதழ்கள், கவிதைத் தொகுப்புகள், நாவல்களின் முதல் பதிப்புகள் எத்தனையோ பேஜ்மேக்கரில் கோக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய வெர்ஷன் 7, 2001-இல் வந்தது. இண்டிசைனின் சிஎஸ்6 வரைக்கும் அந்தக் கோப்புகளைத் திறந்தது. 2013-க்குப் பிறகு வந்த இண்டிசைன்கள் திறப்பதில்லை. ஃபாண்டுகளோ கடைக்குக் கடை வேறு குறியீடு, பலவற்றுக்கு ஹார்டுவேர் லாக். இன்றைக்கு ஒரு பதிப்பாளரிடம் போய்க் கேளுங்கள். “ஃபைல் எல்லாம் சிடில இருக்கு” என்பார். அந்த சிடியை வைத்துக்கொண்டு ஒரு எழுத்துப் பிழையைக்கூட அவரால் திருத்த முடியாது. அதனால் புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குகிறோம், அல்லது புதிதாக டைப் அடித்துப் புதுப் பிழைகளைச் சேர்க்கிறோம்.

ஸ்கேன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து எழுத்துகளுக்காக நூலகம் நிறுவனமும் செய்தது இல்லாவிட்டால் நம்மில் பாதிப்பேர் படிக்கவே ஆரம்பித்திருக்க மாட்டோம். காகிதத்தில் பிறந்ததற்கு ஸ்கேன் போதும். கம்ப்யூட்டரில் பிறந்ததற்கு? ஒரு எழுத்தாளரின் கம்ப்யூட்டரில் மூன்று வரைவுகள், அடித்துப் போட்ட அத்தியாயம், ஆசிரியருக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் எல்லாம் இருக்கும். எமரி பல்கலைக்கழகம் சல்மான் ருஷ்டியின் ஆவணங்களை வாங்கியபோது அவருடைய பழைய மேக் கம்ப்யூட்டர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அதில் ஒரு பெர்ஃபார்மா 5400-ஐ எமுலேட்டரில் எழுப்பி, 2010-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவர் பயன்படுத்திய அதே திரையில், அதே ஃபோல்டர்களில் உலவலாம். தமிழில் கடந்த முப்பது வருஷத்தில் இறந்துபோன எழுத்தாளர்களின் கம்ப்யூட்டர்கள் இப்போது எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள் ஃபார்மட் அடித்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

பிபிசி 1986-இல், டூம்ஸ்டே புத்தகத்தின் 900-ஆம் ஆண்டுக்காக ஒரு புது டூம்ஸ்டேயை லேசர் டிஸ்க்கில் தொகுத்தது. பள்ளிப் பிள்ளைகள் முதற்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் அதில் எழுதினார்கள். பதினாறு வருஷத்துக்குள் அதைப் படிக்கும் மெஷினுக்குத் திண்டாட்டம் வந்துவிட்டது. 1086-இன் தோல் புத்தகம் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் 2002-இல் அந்தப் பழைய மெஷினை மென்பொருளாக எமுலேட் செய்துதான் மீட்டார்கள். எல்லோரும் இந்தக் கதையை ‘டிஜிட்டலை நம்பாதே’ என்று முடிப்பார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. மெஷினைச் சேர்த்துக் காப்பாற்றியதால் அது திரும்பக் கிடைத்தது.

விர்ச்சுவல் மெஷின் ஆக்கிவிட்டால் சாஸ்வதம் என்றும் நினைக்க வேண்டாம். விர்ச்சுவல் மெஷினுக்கு மறுபெயர் போல இருந்த விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி எல்லாவற்றையும் சந்தாவாக்கியது. அதை நம்பி உட்கார்ந்திருந்த ஆபீஸ்கள் அலறின. அதனால் ஒரே கம்பெனியின் ஃபார்மட்டில் வைக்காதீர்கள். மூல இமேஜ் ஒன்று, திறந்த மென்பொருளில் ஓடுகிற பிரதி ஒன்று என்று இரண்டு ஊரில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பாருங்கள், எழுப்பிய தேதியை எழுதிவையுங்கள். ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிறீர்கள் இல்லையா, அதே நாளில் பேக்கப்பையும் ஒரு தடவை எழுப்பினால் போதும்.

*

மாற்றம் வேண்டும், ஆனால் மாறும்வரை பழசு ஓட வேண்டும் என்பதைப் போடி தன் உடம்பிலேயே படித்திருக்கிறது. மதுரை–போடி ரயில் 1928 முதல் ஓடியது. அகலப் பாதையாக்குகிறோம் என்று 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். நல்ல திட்டம்தான், யாரும் எதிர்க்கவில்லை. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் 15-இல்தான் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. நடுவில் 12 வருஷத்துக்கு மேல். அந்த வருஷங்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரில் ரயில் நிலையம் இருந்ததே தெரியாது. தண்டவாளத்தைப் பிடுங்கும் நாள் எல்லோருக்கும் தெரியும். புதுசு எப்போது போடுவோம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. சர்வரைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லும் சாஃப்ட்வேர் விற்பனைக்காரரிடம் இந்த ரயிலைப் பற்றிச் சொல்லுங்கள்.

என் கோரிக்கைகள் மூன்றுதான். தோட்ட ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம், பதிப்பகம், அச்சகம் எதுவாக இருந்தாலும், பழைய மெஷினை மாற்றுகிற ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: பழைய சர்வர் விர்ச்சுவல் மெஷினாக ஓடுவதை நேரில் காட்டிய பிறகே கடைசித் தவணை. இரண்டாவது, தொழிற்சங்கங்களுக்கு. பேச்சுவார்த்தை மேஜையில் கூலி, போனஸ் கேட்கிறீர்கள், சரி. வருகைப் பதிவு இருக்கும் மெஷினின் இமேஜையும் அதன் ஹாஷ் எண்ணையும் கேளுங்கள். “அது ஆபீஸ் விஷயம்” என்பார்கள். மலைக்குப் போனது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாவது, மிகப் பழைய தொழில்நுட்பம். இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய மெஷினை முதலாளியின் அலமாரியிலேயே பூட்டி வைத்தால், சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் மறுபடியும் கணக்காகும். அது எழுந்த அன்றைக்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய பக்கத்தை மட்டும் அச்சடித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இருந்த நம்பர்கள், வருஷங்கள், வேலை பார்த்த நாட்கள். ஒரு தாள். அதை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாத அளவுக்கு பேக்கப் எடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.